தரைத்தளத்தின் எண்

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நாட்டைச் சொல்லிவிட வேண்டும்.
கோரமங்களா ஆலோசகர்
மூன்று கையேடுகளை மேசையில் விசிறிபோல் விரித்து
"எதையாவது ஒன்றை எடுங்க மேடம்" என்றார்,
கிளி ஜோசியக்காரர் மாதிரி.
கிளிக்காவது நெல் கிடைக்கும்.
எனக்கு ரசீது.

கம்மனஹள்ளியில் நமக்கு மூன்றாவது மாடி.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.
இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே
வீட்டுக்காரர் இரண்டு முறை வாடகை ஏற்றிவிட்டார்.

இரவு பதினொன்றுக்கு கிரீஸ் வாடையோடு வருகிறாய்.
மடிக்கணினியில் என் அட்டவணை திறந்திருக்கிறது:
கட்டணம், அறை வாடகை,
வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்,
படிப்பு முடிந்தபின் எத்தனை மாதம் தங்கலாம்,
வங்கியில் முடக்கிவைக்க வேண்டிய தொகை.
குழம்பைச் சூடாக்கியபடி
ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்:
"அங்கே தரைத்தளத்துக்கு என்ன நம்பர்?"

தேடிப் பார்த்துச் சொன்னேன்.
ஜெர்மனியில் பூஜ்யம்.
அமெரிக்காவில் ஒன்று.
"அப்போ உள்ளே நுழைஞ்சதுமே ஒரு மாடி ஏறின கணக்கு"
என்று சிரித்தாய்.
அயர்லாந்தில் நம்ம ஊர் மாதிரியே, ஜி.

அன்றிலிருந்து அட்டவணையில் அதற்கும் ஒரு வரிசை.

நேற்று படிவத்தில் உன்னை எழுதும் இடம் வந்தது.
சார்ந்திருப்பவர்.
எதிரே அமலதாஸ் என்று அடித்தேன்.
அழித்தேன்.
மறுபடி அடித்தேன்.
என் எம்.எஸ்ஸி. கடைசி வருடம் என்பது
ஒயிட்ஃபீல்டில் பதினான்கு மாடிக் கட்டடமொன்றில்
நீ பார்த்த தீபாவளி இரவு டூட்டி.
ஆங்கிலத் தேர்வில் எனக்கு அரை மதிப்பெண் குறைந்தபோது
பைக்கை விற்று இரண்டாம் முறை பணம் கட்டிவிட்டு
பஸ் பாஸ் எடுத்துக்கொண்டாய்.
யார் யாரைச் சார்ந்திருக்கிறார் என்று
அந்தப் படிவம் கேட்கவே இல்லை.

ஜெர்மனி உன்னை வா என்கிறது,
மொழித் தேர்வு எழுதிவிட்டு.
அமெரிக்காவும் வா என்கிறது,
ஆனால் வேலை செய்யக்கூடாதாம்.
கைகளைச் சும்மா வைத்துக்கொண்டு
ஒரு வாரம் தாங்குவாயா நீ?
அயர்லாந்து எனக்குப் பாதிக் கட்டணத்தைத் தள்ளித் தருகிறது.
உன்னைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.
"முதல்ல நீங்க போங்க, அவரைப் பத்திப் பிறகு பார்க்கலாம்"
என்கிறார் ஆலோசகர்.

எங்கே போகட்டும் என்று உன்னைக் கேட்டேன்.
கைபேசியில் ஒரு வீடியோ காட்டினாய்.
டார்ச் வெளிச்சத்தில் லிஃப்ட்டின் இருட்டுக் கிணறு.
ஒரு பக்கம் பெட்டி ஏறுகிறது,
மறுபக்கம் எதிர்எடை இறங்குகிறது.
நடுவழியில் ஒரு நொடி இரண்டும் அருகருகே,
உரசாமல்.
"நடுவுல ரெண்டு அங்குலம்தான்" என்றாய்.
தங்கவயலில் உன் அப்பா கூண்டு இறக்கிய காலத்தில்
இதெல்லாம் கிலோமீட்டர் கணக்காம்.

எனக்குக் கோபம் வந்தது.
உவமை வேண்டாம் அமலதாஸ்,
ஒரு நாட்டின் பெயரைச் சொல்.
நீ தட்டைக் கழுவப் போய்விட்டாய்.

இரண்டு மணிக்குத் தண்ணீர் லாரி ஹாரன்.
மோட்டார் போன வாரமே படுத்துவிட்டது.
வாளியோடு இறங்கிப் போனாய்.
தூக்கம் கலைந்து அட்டவணையைத் திறந்தால்
ஜெர்மனி வரிசையின் கடைசிக் கட்டத்தில்
நான் எழுதாத ஒரு சொல்:
அவுஃப்ட்சூக்.
தேடினேன்.
லிஃப்ட் என்று வந்தது.

டப்ளின் கடிதத்தை இன்னும் மூடவில்லை.
பாதிக் கட்டணம் என்பது நம் நான்கு வருடம்.

அப்போது கீழிருந்து உன் குரல்,
யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில்
மாடிக்கு மாடி நின்று:
நுல்.
ஐன்ஸ்.
ட்ஸ்வை.
மூச்சு வாங்க, நம் வாசலில்,
ட்ரை.

கதவைத் திறந்தேன்.
வாளியில் பாதிதான் இருந்தது.